படலம் இல்லை என்று எழுத மறுத்தவள்

மூன்று நாள் விடாமல் அடித்த மழை நான்காம் நாள் காலை எட்டு மணிக்குத்தான் ஓய்ந்தது. எட்டேகாலுக்கெல்லாம் வெர்னா ஸ்டக்கி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கூட்டுறவுக் கிடங்கின் டீசல் டேங்குகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் கான்கிரீட் சுவரின் மேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதன் மேல் ஊதாவும் பச்சையுமாக எண்ணெய்ப் படலம் மினுமினுத்தது.

"நாசமாப் போச்சு," என்றாள் வாய்விட்டு.

டேங்க் உடைந்தால் எண்ணெய் ஊருக்குள் ஓடாமல் இருக்கத்தான் அந்தச் சுவர். ஆனால் அது மழைத் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை வெளியே விடச் சுவரின் அடியில் ஒரு வால்வு உண்டு. வால்வைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து அக்கம்பக்கத்து மாடுகளின் வயிற்றுக்கு. ஆகவே வால்வு எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும். திறக்குமுன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மெல்லிய படலம் தெரிந்தாலும் திறக்கக் கூடாது. பார்த்ததைத் தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும். சட்டம் இவ்வளவுதான். பச்சைக் குழந்தைக்குச் சொன்னால்கூடப் புரியும். ஹோல்டர்மன் ஊரின் ஆண்பிள்ளைகளுக்குத்தான் முப்பது வருடமாகப் புரியவில்லை.

வெர்னா முப்பத்தொரு வயதில் அந்த விவசாயிகள் கூட்டுறவுக் கிடங்குக்கு டெலிபோன் எடுக்கத்தான் வந்தாள். அப்போது டேங்குகளைச் சோதித்து எழுதும் வேலை ரஸ் என்ற மனிதரிடம் இருந்தது. மனிதர் ரொம்பத் தெளிவு. ஜனவரி முதல் வாரம் ஒரு பிளாஸ்க் காபியுடன் உட்கார்ந்தால், பன்னிரண்டு மாதத்துக்கும் 'எல்லாம் நலம்' என்று எழுதிக் கையெழுத்தையும் போட்டுவிட்டுத்தான் எழுவார். ஒரு அக்டோபரில் அரசாங்க ஆய்வாளர் வந்து தாள்களைப் புரட்டினார். "டிசம்பர்லயும் டேங்க் நல்லாத்தான் இருக்குமா? ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லிவிட்டு அபராத ஓலை எழுதினார். அன்றைக்கு அந்த வேலை வெர்னாவின் தலையில் விழுந்தது. பெண்பிள்ளை என்றால் ஒழுங்காக எழுதுவாள் என்று காரணம் சொன்னார்கள். அது ஒன்றைத்தான் அவர்கள் சரியாகச் சொன்னார்கள்.

அதிலிருந்து மாதம் பிறந்தால் முதல் காலை அவள் டேங்குகளைச் சுற்றுவாள். இரும்புத் தகடுகளைப் பற்றவைத்த இடங்களைக் கையால் தடவிப் பார்ப்பாள். எங்காவது ஈரக்கறை தெரிந்தால் அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதுவாள். அடுத்த மாதம் கறை வட்டத்தைத் தாண்டியிருந்தால் அது கசிவு.

"என்னக்கா, டேங்குக்கு ஜாதகம் கணிக்கிறீங்களா?" என்று லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"ஆமாடா. உனக்குச் சனி பிடிச்சிருக்காம், பிரேக்கைப் பாத்துக்கோ."

இந்தப் படலத்தின் ஜாதகமும் அவளுக்குத் தெரியும். இரண்டாம் டேங்கின் குழாய் இணைப்பு சொட்டுகிறது. நான்கு மாதமாக நான்கு தாளில் எழுதியிருக்கிறாள். நான்கையும் மேலாளர் கிர்பி ஓல்ட்மன்ஸ் படிக்காமலே கோப்பில் செருகியிருந்தான். அவனுக்கு நாற்பது வயது. மேலாளராக வந்து ஆறு வருடமாகிறது. தேவாலயத்து ஞாயிறு வகுப்பில் அவனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் வெர்னா. அதனால் அவள் அவனை 'நீ' என்பாள், அவன் அவளை 'நீங்க' என்பான்.

ஒன்பது மணிக்குக் கிர்பி வெளியே வந்தான். மறுவாரம் கோதுமை அறுவடை. மதியம் டீசல் லாரி வருகிறது.

"வெர்னா, வால்வைத் திறந்து விடுங்க. மூணாம் டேங்க் காலியா இருக்கு. தண்ணில மிதந்து புடுங்கிக்கப் போகுது."

"அது மிதக்கணும்னா இன்னும் ரெண்டடி ஏறணும். மழை விட்டாச்சு. தண்ணி மேல படலம் நிக்குது பாரு. எண்ணெய்த் தண்ணியை உறிஞ்சுற லாரியைக் கூப்பிடு."

"அது வர்றதுக்குள்ள அறுவடையே முடிஞ்சிரும். வீண் செலவு வேற."

விடுவிடுவென்று கிடங்குச் சமையலறைக்குப் போனவன் பாத்திரம் கழுவும் சோப்புப் பாட்டிலோடு வந்தான். எலுமிச்சை வாசனை. சுவர் மேல் நின்று பாட்டிலை நசுக்கி முழுவதையும் தண்ணீரில் பீய்ச்சினான். ஊதாவும் பச்சையும் நாலா பக்கமும் விலகி ஓடிக் காணாமல் போயின. அந்தப் பக்கத்துக் கிடங்குகளில் இது தெரிந்த வித்தைதான். வெர்னாவின் கண்ணெதிரே மட்டும் இதுவரை யாரும் செய்ததில்லை.

"இப்ப படலம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப திறங்க."

"எண்ணெய் எங்க போச்சு கிர்பி?"

"கண்ணுக்குத் தெரியலையே."

"என் மாமியாரும்தான் இங்க கண்ணுக்குத் தெரியல. அதுக்காக செத்துட்டாங்கன்னு எழுதிடலாமா? அவங்க அக்கா வீட்டுல உக்காந்து நல்லா தின்னுக்கிட்டு இருக்காங்க."

"விளையாடாதீங்க. 'படலம் இல்லை'ன்னு ரெண்டு வார்த்தை. எழுதிட்டுத் திறங்க."

வெர்னா பதிவேட்டை எடுத்துச் சுவர் மேலேயே வைத்து எழுதினாள். அவசரப்படவில்லை. 'காலை 9.40. கிர்பி ஓல்ட்மன்ஸ் எலுமிச்சை சோப்பு ஒரு பாட்டில் முழுக்க ஊற்றினார். அதன் பிறகு படலம் கண்ணுக்குத் தெரியவில்லை. எண்ணெய் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. வால்வைத் திறக்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டாள். பக்கங்களுக்கு எண் அச்சடித்த பதிவேடு அது. ஒரு தாளைக் கிழித்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

கிர்பி படித்தான். அவன் காது மடல் சிவந்தது. பதிவேட்டை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"ஹார்லன் எப்படி இருக்கார்?"

ஹார்லன் அவள் கணவன். இரண்டு வருடம் முன்பு நெஞ்சைப் பிளந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், இன்னும் தேறிக்கொண்டிருப்பவர். அவருடைய மருத்துவக் காப்பீடு வெர்னாவின் வேலையோடு கட்டியது. வேலை போனால் அதுவும் போகும். அது போனால் மாத்திரையும் இல்லை, மருத்துவரும் இல்லை. கிர்பி அக்கறையில் கேட்கவில்லை. அவள் பயப்பட வேண்டும் என்று கேட்டான். அவளும் பயந்துதான் போனாள். அந்தப் பயம் வந்ததே என்பதில்தான் அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு கேடுகெட்ட கேள்வி!

அறைக்குள் போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஹார்லன், இன்னிக்கு என் வேலை போயிரும் போல இருக்கு."

நடந்ததைச் சொன்னாள். ஹார்லன் முழுவதையும் கேட்டார். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"வால்வுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"அப்புறம் என்னை எதுக்குடி கேக்குற? நான் முட்டைக்கோஸ் திணிச்ச ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கேன். உனக்குப் பயமா இருந்தா திறந்து விடு. ஆனா எனக்காகத் திறந்தேன்னு மட்டும் என் தலையில கட்டிராத. அந்தப் பாவத்தை இந்த நெஞ்சு தாங்காது."

"கோஸ் ரொட்டில உப்பு இருக்கு. ஒண்ணோட நிறுத்துங்க."

போனை வைத்தாள். மறுபடி எடுத்து உறிஞ்சும் லாரிக்குச் சொன்னாள். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து வால்வுப் பெட்டியின் மேலே போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள். கிர்பி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். மூன்றாம் தடவை வந்தபோது கையில் பூட்டு வெட்டும் கத்திரி இருந்தது. அதே நேரம் உறிஞ்சும் லாரியும் வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் லோனி குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

"யார் வரச் சொன்னது?" என்று கத்தினான் கிர்பி.

"நான்தான்."

"நீ யாரு சொல்றதுக்கு?" இப்போது 'நீங்க' காற்றில் போய்விட்டது.

வெர்னா மழைக்கோட்டுக்குள்ளிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்தாள். கிடங்கின் கசிவுத் தடுப்புத் திட்டம். சட்டப்படி ஒவ்வொரு கிடங்கும் வைத்திருக்க வேண்டியது. நான்காம் பக்கத்தைத் திறந்தாள். அங்கே 'கசிவுத் தடுப்புக்குப் பொறுப்பாளர்' என்று ஒரு வரி. எதிரே அவள் பெயர். கீழே கிர்பியின் கையெழுத்து.

ஆறு வருடம் முன்பு தன் பெயர் வர வேண்டிய இடத்தில் அவள் பெயரைப் போட்டவன் அவனேதான். ஏதாவது ஆனால் மாட்டுவது அவள் கழுத்தாக இருக்கட்டும் என்று. அவளுக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தாள்.

"பொறுப்பாளர் நான். நீதான் போட்ட. பொறுப்பு எனக்குன்னா, லாரியைக் கூப்பிடுற உரிமை யாருக்குடா?"

"அப்படியா? சரி. இந்த நிமிஷத்துல இருந்து உனக்கு இங்க வேலை இல்ல. எழுந்திரு."

வெர்னா எழுந்தாள். பேனாவை எடுத்துத் தன் பெயரின் குறுக்கே நேராக ஒரு கோடு கிழித்தாள். கோப்பை அவன் பக்கம் திருப்பி வாளியின் மேல் வைத்தாள். இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றிப் பக்கத்திலேயே வைத்தாள்.

"சட்டப்படி இந்த இடம் காலியா இருக்கக் கூடாது. உன் பேரை எழுதிட்டுச் சாவியை எடுத்துக்கோ. அப்புறம் வால்வைத் திறந்து விடுறியோ, அந்தச் சோப்புத் தண்ணில குளிக்கிறியோ, எனக்கென்ன வந்தது?"

கிர்பி பேனாவை வாங்கினான். கோப்பைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். சோப்பின் வேகம் அடங்கிப் படலம் சுவரோரமாக மறுபடி கூடத் தொடங்கியிருந்தது. அவன் லோனியின் பக்கம் திரும்பினான்.

"என்னை ஏன் சார் பாக்குறீங்க? நான் குழாய் புடிக்க வந்தவன். எனக்கு என் பேரே சரியா எழுத வராது."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாரோ டிராக்டரை உசுப்பும் சத்தம் கேட்டது. கிர்பி கத்திரியைத் தரையில் போட்டான்.

"சரி, வெர்னா. உறிஞ்சச் சொல்லுங்க. சாவியை நீங்களே வச்சுக்கோங்க. திங்கட்கிழமை அந்த இணைப்பைப் பாக்கலாம்."

"இன்னிக்குப் பாக்கலாம். அதுக்கு முன்னாடி, காலியா இருக்குற இடத்துல என் பேரை எழுது."

"நீங்கதானே கோடு போட்டு அடிச்சீங்க? நீங்களே எழுதிக்கலாமே."

"மாட்டேன். என்னை வேலையை விட்டுத் தூக்கினது நீ. நீதான் எழுதணும்."

கிர்பி குனிந்தான். வாளி ஆடியது. லோனி குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். எழுத்து எழுத்தாக 'வெர்னா ஸ்டக்கி' என்று எழுதி முடித்துவிட்டு அவன் நிமிரப் பார்த்தான்.

"கையெழுத்து?" என்றாள் வெர்னா.