சின்னம்மாவின் போனில் இருந்த கப்பல்

சின்னம்மாவின் வீடியோ விளையாட்டுக் கருவி கடைசிக் காலத்தில் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு கைகளுக்குள் அடங்கும் கறுப்புக் கருவி. வீங்கிப்போன பற்றரியைக் கழற்றி எறிந்துவிட்டு, சார்ஜர் வயரில் மட்டும் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். அம்புக்குறிப் பொத்தான்கள் தேய்ந்து வழுவழுத்திருந்தன. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் திரும்பவிருந்த மாலுமி ஒருவரிடம் தன் சம்பளத்தில் வாங்கியது அது. கூடவே சில டிஸ்க்குகள். அவற்றில் ஒன்றைத்தான் அவர் ஆண்டுக்கணக்காக விளையாடினார். தீவு தீவாகக் கப்பலோட்டி, புயலில் பிரிந்துபோன தோழர்களைத் தேடிச் சேர்க்கும் கதை அது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கலியாணம் செய்யவில்லை. அண்ணன் வீட்டில், அதாவது என் மாமா வீட்டில் இருந்தார். அவரைப் பற்றி எதைத் தீர்மானித்தாலும் அந்த வீட்டில் ஒரு வசனம் போதும்: "அவவுக்கென்ன, தனி ஆள்தானே." மாமாவின் பிள்ளைகள் வளர்ந்ததும் அவருடைய அறை அவர்களுக்குப் போனது, அவர் விறாந்தையின் ஒரு மூலையைப் பலகையால் மறைத்துப் படுத்தார். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அலுவலகத்துக்கு லீவு போடுபவர் அவர். மாலையில் வந்து சேலை மாற்ற முன்னரே குசினிக்குள் நிற்க வேண்டும். அவருக்கென்று மிஞ்சியது ஞாயிறு பின்னேரம் மட்டும். அதிலும் அந்தக் கருவியோடு குந்தினால், "இந்த வயதில சின்னப் பபா மாதிரி" என்று மாமி சிரிப்பார். மாமா அதே நேரம் கதிரையில் சாய்ந்து நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்ப்பார். அதை அந்த வீட்டில் யாரும் விளையாட்டு என்று சொன்னதே இல்லை.

கருவி அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியதும், பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த என்னிடம் கேட்டார். "பிள்ளை, இதுக்குள்ள இருக்கிறதை என்ர போனுக்கு மாத்த ஏலுமோ?" மாற்றலாம். கருவியை லப்டொப்பில் செருகி, டிஸ்க்குகளையும் அவர் சேமித்துவைத்த ஆட்டத்தையும் பிரதியெடுத்தோம். ஆனால் ஒவ்வொரு கோப்பும் பெரியது. அவருடைய போனோ மலிவானது; தனியாக மெமரி கார்ட் போடவும் வழியில்லை. சுருக்கித்தான் ஏற்ற வேண்டும்.

"சுருக்கினா கதை குறைஞ்சு போகாதோ?"

"இல்லை சின்னம்மா. விளையாடேக்க போன் அதைத் திரும்ப விரிச்சு எடுக்கும். ஒண்டும் குறையாது."

முதலில் ஆகக்கூடிய அளவுக்கு இறுக்கிச் சுருக்கினேன். கோப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் அவ்வளவு இறுக்கியதை விரித்தெடுக்க அந்தப் பழைய போனால் முடியவில்லை; புயல் வரும் இடத்தில் சத்தம் விக்கியது. கொஞ்சம் தளர்த்தி மறுபடி செய்தேன். இன்னொரு விளையாட்டில் முக்கால்வாசி படக்காட்சிகள். அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, அதற்குமேல் இறங்கவே இல்லை. "அது கிடக்கட்டும், கப்பலை மட்டும் ஏத்து" என்றார். கப்பல் ஏறியது. அவர் விட்ட இடத்திலேயே, அதே தீவின் கரையில் நின்றது. சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் அவரிடம் கண்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து, பெரியபிள்ளையான மாமாவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. பலகாரம் சுட்டது, பந்தலுக்கு ஆள் பிடித்தது எல்லாம் சின்னம்மா. மகளை மணவறையில் இருத்தும் நேரத்தில், வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மாமாவின் போன் நிரம்பிவிட்டது. அலுமாரிக்கு மேல் கிடந்த சின்னம்மாவின் போனை எடுத்தார். அதிலும் இடம் போதவில்லை. எது பெரிதாக இருந்ததோ அதை அழித்தார். கப்பலும் போனது, அத்தனை காலப் பயணமும் போனது.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த சின்னம்மாவிடம் போனைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னார். "உன்ர கேமைத் தட்டிவிட்டனான். வீடியோவுக்கு இடம் காணேல்லை."

"முழுக்கவோ அண்ணா?"

"ஓம். விளையாட்டுத்தானே, பிறகு போடலாம்."

சின்னம்மாவின் கண் நிறைந்ததைப் பார்த்துவிட்டு மாமி பக்கத்தில் இருந்தவர்களிடம், "கேமுக்கு அழுறா, பாருங்கோ" என்றார். பந்தியே சிரித்தது. "ஒரு வார்த்தை கேட்டனீங்களோ மாமா? உங்கட போனில அவ கை வைச்சா விடுவீங்களோ?" என்று கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "வாயை மூடு, ஆக்கள் நிக்கினம்." ஆக்கள் நின்றார்கள்தான். ஒருவர்கூட மாமாவைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை.

சின்னம்மா எல்லோருக்கும் பாயசம் ஊற்றி முடித்தார். மறுவாரம் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். என் லப்டொப்பில் பழைய பிரதி இருந்தது. போனுக்கு மாற்றிய பிறகு கடந்த தீவுகள் எதுவும் அதில் இல்லை. "இருக்கிற இடத்தில இருந்து வெளிக்கிடுவம்" என்றார். மறுபடி சுருக்கி ஏற்றிக் கொடுத்தேன்.

ஊரில் இன்றைக்கும் கதை வேறு. "கேமுக்காக வீட்டை விட்டுப் போனவ" என்று மாமா கலியாண வீடுகளில் சொல்கிறார், கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். இருபது வருடச் சமையலைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. சின்னம்மா அதைப் பொருட்படுத்துவதில்லை. நான் பொருட்படுத்துகிறேன். அந்தப் பந்தியில் சிரித்த ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரியும். தெருவில் கண்டால் இன்றும் வணக்கம் சொல்ல மனம் வருவதில்லை.

போன மாதம் நான் ஓர்ஸ் ஹில் அறையில் இருந்தபோது மாமா வந்தார். மாமிக்கு முழங்கால் ஏலாதாம், வீட்டில் கை உதவிக்கு ஆள் இல்லையாம். சின்னம்மா கட்டிலில் சாய்ந்து போனைப் பிடித்திருந்தார். திரையில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் உதுதானோ?" என்றார் மாமா, வாசலில் நின்றபடி.

"ஓம் அண்ணா. இதை முடிச்சிட்டு வாறன், நில்லுங்கோ."

தலை நிமிரவில்லை. மாமா செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மூலையில் கதிரை இருந்தது. நான் எழுந்து அதை எடுத்துப் போடவில்லை.