கோபம் வராத காளி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதக் கடைசியில் ஒரு நாள். சிவராத்திரிக்குச் சிதம்பரத்தில் மேடையேறப் போகிறோம் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது எனக்கு வயது ஐம்பத்துநான்கு! கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசிலோடு முப்பது வருடம் வெயிலில் நின்றவள். ஐம்பது வயதைத் தாண்டித்தான் மஞ்சக்குப்பத்தில் பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுத்தவள் என் பழைய மாணவி. கோ-கோ பயிற்சிக்கு வராமல் டான்ஸ் கிளாசுக்கு ஓடினாள் என்று அவளை ஒருநாள் மைதானத்தில் ஐந்து சுற்று ஓடவிட்டிருக்கிறேன். இப்போது அவள் என்னை முழங்காலை மடக்கி அரைமண்டியில் நிற்கவைத்துப் பழி தீர்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் நான் அவளை 'மிஸ்' என்பேன். அவள் என்னை 'டீச்சர்' என்பாள்.

என் வயதுக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து ஆடுவதாகத் திட்டம். சிவனோடு போட்டிபோட்டு ஆடித் தோற்று, ஆத்திரத்தோடு ஊர் எல்லைக்குப் போன தில்லைக் காளியின் கதை. காளி யார்? நான்தான்!

"ஒங்கள விட்டா யாருக்கு டீச்சர் இவ்ளோ கோவம் வரும்?" என்றாள் மிஸ். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அழைப்பிதழுக்குப் படம் எடுத்தார்கள். பார்த்ததும் பகீரென்றது. கன்னமெல்லாம் கருந்திட்டாக மங்கு, வெயில் புள்ளிகள். புருவங்களுக்கு நடுவே பதினொன்று என்று எழுதியதுபோல இரண்டு ஆழமான கோடுகள். இந்த மூஞ்சியோடா மேடையில் நிற்பது? மறுநாளே ஒரு தோல் டாக்டர் அம்மாவிடம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். புள்ளிகளும் மங்கும் உடனே போகாது, கிரீம் தடவி, தினமும் சன்ஸ்கிரீன் போட்டால் மாதக்கணக்கில் மெல்லக் குறையும் என்றார். கோடுகளுக்கு ஊசி இருக்கிறது, ஒன்றிரண்டு வாரத்தில் பலன் தெரியும், ஆனால் சில மாதங்களுக்கு அந்த இடம் சரியாக அசையாது என்றார். 'ஒன்றிரண்டு வாரம்' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. என்ன விசேஷம் என்று கேட்டவரிடம், இந்த வயதில் டான்ஸா என்று சிரிப்பாரோ என்ற கூச்சத்தில், "சொந்தத்துல ஒரு கல்யாணம்" என்று புளுகினேன்.

ஊசி போட்டுக்கொண்ட பத்தாம் நாள் கண்ணாடியைப் பார்த்தால், அடேயப்பா, நெற்றி பளிங்கு! ஏழெட்டு வயது குறைந்தாற்போல இருந்தது. வீட்டுக்காரர்தான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நேத்து பால் பொங்குனதுக்குக் கத்துனியே, நெஜமாவே கோவமா, இல்ல சும்மாவா? ஒண்ணுமே தெரியல" என்றார். நான் முறைத்தேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அன்று மாலை ஒத்திகை. காளி தோற்று ஆவேசப்படும் இடம். உடம்பெல்லாம் பதற ஆடி முடித்தேன். மிஸ் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். ஐயோ! காலும் கையும் காளி. முகமோ, நலங்கு வைக்க உட்காரவைத்த பெண்ணைப்போலச் சாந்தமாக இருந்தது. புருவத்தை நெரிக்கிறேன், நெரிக்கிறேன், அது நகரவே மாட்டேன் என்கிறது!

டாக்டரிடம் ஓடி உண்மையைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். "டான்ஸுன்னு சொல்லியிருந்தா அந்த எடத்தத் தொட்டே இருக்க மாட்டேனேம்மா!" மாற்று மருந்து கிடையாதாம், தானாகத்தான் சரியாக வேண்டுமாம். சிவராத்திரிக்கு எட்டே நாள்தான் இருந்தது.

மிஸ்ஸிடம் அழுதே விட்டேன். பென்சிலால் கோடு வரைந்துகொள்கிறேனே என்று கெஞ்சினேன். "வரைஞ்சா கோடுதான் டீச்சர் தெரியும், கோவம் தெரியாது" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோபம் வராவிட்டால் காளி வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகக் கறாராகச் சொல்லிவிட்டாள். என்னிடம் படித்தவள் ஆயிற்றே!

ஆனால் சும்மா விடவும் இல்லை. ஒரு துண்டை எடுத்துத் தன் நெற்றியில் புருவம் மறையும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டு என் எதிரே நின்றாள். அவள் மூக்கு விடைத்தது, கீழிமை இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு அடிவயிற்றிலிருந்து சீறி வந்தது. நான் என்னை அறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தேன். "இப்ப கோவம் எங்க இருக்குது, சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் நானும் துண்டோடுதான் திரிந்தேன். பல் தேய்க்கும்போது மூக்கை விடைத்தேன், சாம்பார் கொதிக்கும்போது கீழிமையை இறுக்கினேன். நான் மிதித்த மிதியில் கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு முறை மாடியேறி வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடிக் காட்டினேன். மிஸ் யோசித்து, "பாதி வந்துருக்கு. மீதிய மேடையில குடுங்க" என்றாள். போதாதா எனக்கு!

சிதம்பரம். மேடை விளக்கு முகத்தில் அடிக்கிறது, மிருதங்கம் நெஞ்சுக்குள் அதிர்கிறது. சிவனாக ஆடியவர் காலைத் தலைக்கு மேல் தூக்கினார். அவருக்கு அறுபது வயது, அந்தக் கால் எப்படித்தான் போனதோ! அப்படித் தூக்கக் காளிக்குக் கூச்சம், நான் தோற்றேன். மூச்சை இழுத்துக் கண்ணை விரித்துச் சபையைப் பார்த்துத் திரும்பினேன்.

முன் வரிசையில் அம்மா மடியில் இருந்த ஒரு பெண் குழந்தை வீலென்று அலறியது. அப்படி ஒரு அலறல்! அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். தாளம் போட்டுக்கொண்டிருந்த மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அங்கேயே துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. காளி குதிக்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

ஆடி முடித்து இறங்கியதும் அந்த அம்மா தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, பாப்பா ரொம்ப பயந்துருச்சு." அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். குழந்தை மட்டும் கடைசிவரை என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனி மாதத்தில் புருவம் மெல்ல அசைய ஆரம்பித்தது. டாக்டர் சொன்ன சன்ஸ்கிரீனை இன்றுவரை விடவில்லை, மங்கும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஊசி மட்டும் அந்த ஒரு தடவையோடு சரி. என்னிடம் எதையாவது குறை என்று கண்ணாடி காட்டும்போதெல்லாம் அந்தக் குழந்தையின் அலறல் காதில் கேட்கிறது, இத்தனை நாள் இந்தக் குறை எனக்கு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று யோசித்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் அதன்மேல் கை வைக்கிறேன்.