பதிவேட்டில் உயிரோடிருந்தவர்: புதுச்சேரியில் மூன்று நாள்

சென்ற ஆண்டு, அதாவது 1936 ஆகஸ்டு மாதக் கடைசியில், மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். கடற்காற்று வாங்கப் போகவில்லை. என் தங்கை ரோசலியிடம் அவள் கணவர் இறந்துவிட்டார் என்று சொல்லப் போனேன்.

அவள் கணவர் சவரிநாதன் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பிரஜை. இரண்டு ஆண்டுகளாக ஆப்பிரிக்காவில் அபிசீனியா நாட்டில் ஒரு காப்பி வியாபாரியிடம் கணக்கெழுதி வந்தார். அந்த நாட்டின்மேல் இத்தாலி படையெடுத்ததும், யார் தடுத்தும் கேட்காமல் மே மாதத்தில் அதைத் தன்னுடையது என்று அறிவித்ததும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். சித்திரைக்குப் பிறகு மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் இல்லை. ஆகஸ்டில் எனக்கு ஒரு காகிதம் வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். நிலையான விலாசம் என்று மாப்பிள்ளை அங்கே என்னுடையதைக் கொடுத்து வைத்திருந்தாராம். இத்தாலிய மொழி. லத்தீன் தெரிந்த எங்கள் பங்குச் சாமியார் தடவித் தடவிப் படித்தார். தலைநகரில் கொள்ளை நடந்த நாட்களில் சவரிநாதன் சுடப்பட்டு இறந்தார் என்பதுதான் சாரம். தேதிக்குப் பக்கத்தில் ஆண்டு பதினான்கு என்று இருந்தது. எதிலிருந்து பதினான்கு என்று சாமியாருக்கும் தெரியவில்லை; இத்தாலியில் இப்போதைய ஆட்சி வந்ததிலிருந்து எண்ணுகிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி இருபத்துநான்கு மைல். காலை எட்டேகால் வண்டி. மூன்றாம் வகுப்பு ஆறு அணா. போகும்போது எல்லையில் சுங்கக்காரர்கள் அதிகம் தொந்தரவு செய்வதில்லை, திரும்பும்போதுதான் மூட்டையை அவிழ்க்கச் சொல்வார்கள். பத்தரைக்கு இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் புஷ்வண்டி கிடைக்கும். பின்னாலிருந்து ஆள் தள்ளுவார், முன்னால் நீண்டிருக்கும் கம்பியைப் பிடித்து நாமே திருப்ப வேண்டும். நான் இரண்டு முறை சாக்கடை ஓரம் கொண்டுபோய் விட்டேன்.

"எங்க போவணும்னு தெரிஞ்சி திருப்புங்க முசே, நான் தள்றதுதான் தள்ளுவேன்" என்றார் தள்ளுபவர். ஐயா என்பதற்குப் புதுச்சேரியில் முசே.

ஊர்ப்புறத்தில் சாரம் என்ற பகுதியில் ரோசலி குடியிருந்த அறைக்குப் போனபோது தகரப்பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தைத்துப் பிழைப்பவள், ஆனால் அவை தைக்க வந்த துணிகள் அல்ல, அவளுடையவை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே! நாளன்னிக்கு கப்பல் ஏறப்போறேன். நம்ப பிரெஞ்சுத் துறைமுகம் ஜிபுத்திக்கு மாத்தலாயிப் போற ஒரு டாக்டரூட்டுப் புள்ளைங்களப் பாத்துக்கற வேல. அங்கேர்ந்து அபிசீனியாவுக்கு ரயில் இருக்குதாம். அவரத் தேடிக் கூட்டியாந்துடறேன்."

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. காகிதத்தை எடுத்துக் கொடுத்து, சாமியார் படித்ததை அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை. காகிதத்தின் முத்திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரு எழுதனது?"

"இத்தாலிக்காரங்க."

"ஊரான் நாட்டையே எங்களுதுன்னு சொல்றவங்க, எம் புருசனப் பத்தி மட்டும் நெசம் சொல்லுவாங்களா? நம்ப ஆபீசுல கேளுங்க. செத்துட்டார்னு அவங்க எழுதிக்கட்டும், இந்தப் பொட்டியப் பிரிச்சிடறேன்."

மறுநாள் காலை ஒன்பதுக்குக் கடற்கரைப் பக்கத்து அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு இருவரும் போனோம். (பதினொன்றரைக்குச் சாப்பாட்டுக்கு அடைத்துவிட்டு மூன்று மணிக்குத்தான் திறக்கிறார்கள், முன்னதாகப் போங்கள்.) கோட்டுப் போட்ட தமிழ் குமாஸ்தா மரியாதையாக நாற்காலி கொடுத்தார். பிரெஞ்சு தெரிந்தவராதலால் காகிதத்தைத் தொடாமலே படித்துப் புரிந்துகொண்டார்.

"இத நான் வாங்கி ஃபைல்ல வெச்சா, அந்த நாடு இத்தாலிக்காரனுதுன்னு நாங்க ஒத்துக்கிட்டதா ஆயிடும் முசே. பாரிசுல இன்னும் ஒத்துக்கல."

"அப்ப அபிசீனியா கவர்மெண்டு காயிதம் கொண்டாந்தா?"

"குடுக்கறதுக்கு அந்த கவர்மெண்டு அங்க இல்லியே. ராஜாவே ஊர விட்டுப் போயிட்டாரு."

"அங்க உங்க கவர்மெண்டு ஆளு, கோன்சூல், இருப்பாரே?"

"ரெண்டு தரம் எழுதிட்டோம். பதில் இல்ல."

"அப்படின்னா எந் தங்கச்சி புருசன் இப்ப என்னதான் ஆனாரு?"

அவர் ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து, விரலை ஓட்டி ஒரு வரியில் நிறுத்தினார். "எங்க ரிஜிஸ்தர்ல உசுரோட இருக்காரு."

ரோசலி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் படியிறங்கியதும் குமாஸ்தா என் பின்னாலேயே வந்தார்.

"ஆபீசுல சொன்னது ஆபீசுக்கு. அண்ணன்ங்கற முறையில கேட்டீங்கன்னா, அவரு ஆத்துமாவுக்குக் கோயில்ல ஒரு பூசை வெச்சிடுங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

தெருவில் நின்றுகொண்டு யோசித்தேன். ஒரே ஆள், ஒரே காகிதம். உள்ளே மேசையருகே உயிரோடிருந்தவர், பத்தடி தள்ளி வாசலுக்கு வந்ததும் இறந்துவிட்டார். மறைக்க மனமில்லாமல் அதையும் ரோசலியிடம் சொல்லிவிட்டேன்.

"அத ஏன் உள்ள குந்திக்கினே சொல்லல?" என்றாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த ஆதாரத்தைக் காட்டித் தடுப்பது? நான் நம்பிய காகிதத்தை அரசாங்கமே நம்பவில்லை. நம்பாத அரசாங்கத்தின் ஆளே அதை நம்புகிறார். அன்று முழுவதும் நான் பேசியதில் பாதி எனக்கே விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, கடலுக்குள் நீண்டிருக்கும் துறைமுகப் பாலத்துக்குப் போனோம். கப்பல் கரைக்கு வராது, வெகுதூரத்தில் நிற்கும். சலங்குப் படகில்தான் போய் ஏற வேண்டும். டாக்டர் வீட்டுச் சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோசலி இறங்கினாள். அந்தக் காகிதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எதுக்கு, ஒருவேள தேவப்படும்னா?" என்றேன்.

"தேவப்படாது. பொய்யின்னு அவருகிட்டயே காட்டிச் சிரிக்கணும்" என்றாள்.

டிசம்பரில் ஜிபுத்தியிலிருந்து கடிதம் வந்தது. இத்தாலிக்காரர்களின் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியவில்லையாம். அதை வாங்கலாமா கூடாதா என்று ஜிபுத்தியில் ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லையாம். ஆறு வாரம் காத்திருந்து, கடைசியில் வாங்கிக்கொண்டு ரயிலேறியிருக்கிறாள். காப்பி வியாபாரியின் வண்டிக்காரர், தன் கையாலேயே புதைத்த இடத்தைக் காட்டியிருக்கிறார். "நெசந்தாண்ணே. ஜிபுத்திக்கே திரும்பிட்டேன். இங்கியே கன்னியர் மடத்துல தையல் வேல கெடச்சிது, இருந்துடறேன். பூசை வெச்சிடுங்க" என்று முடித்திருந்தாள். வைத்தேன்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வல்லரசு தன் இஷ்டத்துக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொண்டது. சரியென்று சொல்லவும் மற்றவர்களுக்கு மனமில்லை, எடுத்ததைத் திரும்ப வாங்கவும் திராணியில்லை. சரியென்று சொல்லாதது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த நியாயம் என் தங்கையைப் பொய் நம்பிக்கையோடு கடல் கடக்க வைத்ததே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இன்றுவரை எனக்குத் தெளியவில்லை.

அலுவலகக் காரியமாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் காகிதமானால், கொடுத்தது எந்த அரசாங்கம், அது இங்கே செல்லுமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். யாரையாவது கப்பலேற்றப் போகிறீர்களானால் பாலத்தின் கடைசி முனைவரை நடந்துபோய் நில்லுங்கள். படகு கிளம்பிச் சற்று நேரம்வரை அங்கிருந்து முகம் தெரிகிறது. சொல்லாமல் விட்டதெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.