மாமாவைப் பற்றி ரேடியோ சொன்னது

அந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். கேஸ் நிரப்பும்போது பேசுவார், கம்ப்ரஸரைக் கழற்றும்போது பேசுவார், வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டிருக்கும்போதும் பேசுவார். அப்போது என்ன சொல்கிறார் என்றுதான் புரியாது.

அவர் மாமா என்று கூப்பிடும் அக்கா கணவர் இதற்கு நேர் எதிர். அவர் ஓவியரா சிற்பியா என்று குடும்பத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. செய்தித்தாளில் 'நவீன கலைஞர்' என்று போட்டிருந்தார்கள். மச்சான் கடையில் செத்துக் கிடக்கும் ஃபிரிட்ஜ்களின் கதவுகளைக் கழற்றிச் சுவரில் மாட்டி, முட்டை வைக்கும் குழிகளுக்கு வண்ணம் பூசுவார். கண்காட்சியில் ஜனங்கள் அவற்றின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் பேசுவது "ம்" மட்டும். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னாராம்.

இன்றைய கலைஞர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஒரு பெரிய புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஓர் அத்தியாயம். அதை எழுதும் பெண்மணி மாமாவைப் பேட்டி எடுக்க வந்த அன்று, ரேடியோவும் அங்கே இருந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டு ஃபிரிட்ஜின் கதவையே மாமா ஓர் ஆசையில் கழற்றிவிட்டதால், அக்கா தம்பியை வரச்சொல்லியிருந்தாள். அவர் சமையலறையில் வேறொரு கதவைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"காலையில எழுந்ததும் வேலையை எப்படி ஆரம்பிப்பீங்க சார்?"

"ம்."

"இந்தக் கதவுகள் மூலமா என்ன சொல்ல வர்றீங்க?"

மாமா கதவைப் பார்த்தார். கதவும் ஒன்றும் சொல்லவில்லை.

சமையலறையில் ரேடியோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்பேனரும் கையுமாக வந்து வாசல்படியில் நின்றார்.

"மேடம், மாமா காலையில எழுந்ததும் ஒத்தக்கால்ல நிப்பாரு. கதவு ஒரு பக்கத்துக் கீலை வச்சே நிக்குதே, மனுஷனுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு காலுன்னு கேப்பாரு."

"இவரா கேப்பாரு?"

"வீட்டாளுங்ககிட்ட மட்டும். வெளியாளுன்னா கூச்சம். அப்புறம் பாருங்க, கதவைச் சாத்தினதும் உள்ள லைட் அணையுதா எரியுதான்னு நமக்குத் தெரியாது இல்லையா? அதுதான் மேடம் வாழ்க்கைம்பாரு."

அந்தப் பெண்மணி மாமாவின் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

"ம்."

பெண்மணி பரபரவென்று எழுதிக்கொண்டார். ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். புதுக்கதவு அன்று முழுக்க ஒரு திருகாணியில் தொங்கியது.

புத்தகம் வந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் தூக்கி மேஜையில் வைத்தாள். மாமாவின் அத்தியாயம் முழுக்க மாமாவே பேசியிருந்தார். அக்கா கணவரைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தாள்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. புத்தகத்தைப் படித்த ஓவியக் கல்லூரி மாணவர்கள் விடுமுறை நாட்களில் கும்பலாக வரத் தொடங்கினார்கள். "நீங்க ஒத்தக்கால்ல நிக்கிறதைப் பார்க்கலாமா சார்?" என்று பணிவாகக் கேட்டார்கள். மாமாவுக்கு வேறு பதில் தெரியாது. "ம்" என்றார். சொன்ன பிறகு நிற்காமல் முடியுமா?

அக்கா தொலைபேசியில் தம்பியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். "உன் வாயால அந்த மனுஷன் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்டா. நீயே வந்து பாரு."

ரேடியோ மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். மாணவர்கள் போகட்டும் என்று காத்திருந்தபோது, மேஜையில் இருந்த புத்தகத்தைப் புரட்டினார். வழவழப்பான தாள், நல்ல புகைப்படங்கள். மாமாவின் அத்தியாயத்தை விரல் வைத்துப் படித்தார். பாதியிலேயே கண் கலங்கிவிட்டது.

"அக்கா, மாமா எவ்வளவு பெரிய ஆளு. கதவைச் சாத்தினா லைட் என்ன ஆகுதுன்னு நமக்குத் தெரியாதாம். இத்தனை வருஷம் இதையே தொழிலா பண்றேன், எனக்குத் தோணலையே."

"டேய், அது நீ சொன்னதுடா."

"நான் ஏதோ உளறியிருப்பேன்க்கா. இது அச்சுல இருக்கு."

மாணவர்களை அனுப்பிவிட்டு நொண்டிக்கொண்டு வந்த மாமா, மச்சானின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"லைட் அணைஞ்சிடும். கதவுகிட்ட சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கு," என்றார்.

இத்தனை சொற்களை மாமாவின் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் கேட்டதில் அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ரேடியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதையும் அடுத்த பதிப்புல போடச் சொல்லணும் மாமா," என்றார்.

மறுவாரமே கடைக்கு ஒரு பிரதி வாங்கிவைத்தார். ரிப்பேருக்குக் காத்திருப்பவர்கள் அதைப் படிக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று வாயைக் கட்டுப்படுத்திப் பார்ப்பார். கொஞ்ச நேரம் முடியும். பிறகு, "அந்தக் கீல் விஷயத்துக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிடுவார்.