டேகுக்கும் இனிஷியல் உண்டு

எக்ஸ்எம்எல் வேலை பார்க்கிறவனிடம் மட்டும் என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். வீட்டிலேயே இன்னும் சொல்லிப் புரியவைக்க முடியாமல் தவித்துக்கொண்டிருப்பான். வெளிநாட்டுப் புத்தகங்கள் எங்கள் ஆரப்பாளையம் மாடி ஆபீஸுக்கு வரும். இது தலைப்பு, இது பத்தி, இது சமன்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் டேக் போட்டு, கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி திருப்பி அனுப்புவோம். புதிதாக வருகிறவர்களுக்கு நேம்ஸ்பேஸ் சொல்லிக்கொடுப்பது என் தலையில் விழுந்தது. இதே வேலையில் கண்ணையும் முதுகையும் கெடுத்துக்கொண்டவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும்.

ரெண்டு கவிதா

புத்தகத்தின் தலைப்புக்கும் 'டைட்டில்' என்றுதான் டேக். ஆசிரியர் பெயருக்கு முன்னால் வரும் டாக்டர் பட்டத்துக்கும் 'டைட்டில்'தான். எது எது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் முழிக்கும். இந்த டேக் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடுவதுதான் நேம்ஸ்பேஸ்.

எங்கள் ஆபீஸில் ஏற்கெனவே ஒரு கவிதா, பசுமலைக்காரர். அந்த வாரம் வண்டியூரிலிருந்து இன்னொரு கவிதா சேர்ந்திருந்தார். அவருக்குச் சோதனைக்காலம், முடிவில் ஒரு அத்தியாயத்தைத் தப்பில்லாமல் செய்துகொடுத்தால்தான் வேலை. உதாரணம் தேடி நான் அலையவே இல்லை. "சும்மா கவிதான்னா ரெண்டு பேரும் திரும்புறீங்க. ஊரைச் சேத்துச் சொன்னா ஒருத்தர்தானே திரும்புவீங்க?" என்றேன். பசுமலைக் கவிதா விடுவாரா?

"பாடம் நடத்த நாங்க ரெண்டு பேருந்தான் கெடச்சமாண்ணே?"

ஆளில்லாத முகவரி

நேம்ஸ்பேஸின் பெயர் பார்ப்பதற்கு இணைய முகவரி மாதிரியே இருக்கும். ஆனால் அது வெறும் பெயர்தான். அங்கே ஒரு பக்கம் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. வண்டியூர்க் கவிதா அதைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. நெட் போய்விட்டது என்று பக்கத்து சீட்டையெல்லாம் கிளப்பிவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே கணவர் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது அந்தச் சிரிப்போடு சேர்ந்துதான் எனக்குத் தெரியவந்தது. நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்கண்ணே. பேரு மட்டும் இருக்கும், போய்ப் பாத்தா ஆள் இருக்காது."

எல்லாம் சிவப்பு

சோதனை அத்தியாயத்தில் அவருக்கு வாய்த்தது கணிதம். பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடு. சரிபார்க்கும் புரோகிராமை ஓட்டினால் தப்பு தப்பு என்று திரை முழுக்கச் சிவப்பு. ஆனால் ஒரு டேகில்கூட எழுத்துப்பிழை இல்லை. கவிதாவின் முகம் வாடிப்போயிற்று. இந்த வேலை கிடைத்தால் மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. மனசு கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"இங்க பாரும்மா, புத்தகத்தோட உச்சி டேக்ல ஒரு நேம்ஸ்பேஸ் போட்டிருக்கு. கீழ நாம ஒண்ணுமே சொல்லலைன்னா பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாத்துக்கும் அதுதான். சமன்பாடு வேற குடும்பம். நீ சொல்லாம விட்டதால அதுவும் புத்தகத்து ஆளாயிருச்சு."

அவர் ஒவ்வொரு டேகாகப் போய்ச் சமன்பாட்டின் நேம்ஸ்பேஸை எழுத ஆரம்பித்தார். நான் தடுத்தேன். சமன்பாடு தொடங்குகிற டேகில் ஒரு தடவை எழுதினால் போதும், அதற்குள்ளே இருப்பதெல்லாம் தானாக அந்தக் குடும்பத்துக்கு வந்துவிடும். அப்படியே செய்தார். சிவப்பு மொத்தமும் போய்விட்டது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் குதிப்பார் என்று பார்த்தால், திரையில் உச்சி டேகைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப மேல இருக்கிறதை அழிக்க வேணாமாண்ணே? நடுவுல இருந்துகூட புதுசா ஆரம்பிக்கலாமா?"

அரை நாள் லீவு

ஜூன் மாதம் வண்டியூர்க் கவிதா அரை நாள் லீவு போட்டுவிட்டு, மத்தியானம் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். மகளை வண்டியூரிலேயே நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாராம். "பாப்பாவுக்கு என்ன இனிஷியல்?" என்று கேட்டார்களாம். அதுவரை அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். கவிதா கொஞ்சமும் யோசிக்காமல் 'க' என்று சொல்லியிருக்கிறார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒரு துண்டு அல்வா நீட்டினார்.

"நான் நிக்கிற டேக்ல எழுதிட்டேண்ணே. எனக்குக் கீழ இருக்கிறவ, இனிமே என் பேருல இருக்கட்டும்."

எத்தனையோ பேருக்கு நேம்ஸ்பேஸ் நடத்திவிட்டேன், யாருக்கு எம்புட்டுப் புரிந்தது என்று சத்தியமாகத் தெரியாது; ஆனால் வண்டியூரில் எல்கேஜி படிக்கிற க. யாழினி என் பாடத்துக்கு சாட்சி.