டாக்டர்தான் போட்டாரு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில், சுகாதார இலாகாவில் எனக்குக் கிராணி வேலை. தட்டச்சு அடிப்பதும் கோப்பு அடுக்குவதும்தான் வேலை என்றாலும், மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் தடங்கலில்லாமல் வரும் என்பதால் அதிகாரிகள் எங்கேயாவது சோதனைக்குக் கிளம்பினால் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆபிசில் மின்விசிறிக்கு அடியில் கிடப்பதைவிட, அதிகாரிகளோடு ஒரு கடைக்குள் நுழைந்து, கடைக்காரர் பதறி எழுந்து நிற்பதைப் பார்ப்பதில் ஒரு மிதப்பு இருந்தது.

அப்படிப் போன சோதனைகள் பலவும் மறந்துவிட்டன. புழு வைத்த மாவு, நாறிப்போன மீன், லைசென்ஸ் இல்லாத பல் வைத்தியர் என்று பார்த்ததெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டது. ஒன்று மட்டும் போகமாட்டேன் என்கிறது. அதில் நான் செய்ததை அப்போது யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்துத் திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் முகத்துக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக் ஒன்று இருந்தது. மச்சம் எடுப்பார்கள், தழும்புக் குழியை ஊசி போட்டு நிரப்புவார்கள், மூக்கைத் தூக்குவார்கள், கறுப்பை மாற்றுவார்கள். டவுன் டாக்டர் ஒருவர் அதைப் பற்றி இலாகாவுக்குப் புகார் எழுதியிருந்தார். லைசென்ஸ் ஒரு பதிவு பெற்ற டாக்டரின் பேரில் இருக்கிறது, ஆனால் அவர் அந்தப் பக்கமே வருவதில்லை, ஊசி போடுவது வேறு யாரோ என்று அதில் இருந்தது. போகும் வழியில் எங்கள் அதிகாரி, நிதானமான ஒரு மலாய்க்காரர், எங்களுக்கு விஷயத்தைச் சொன்னார். டாக்டர் அல்லாத ஆள் ஊசி போட்டதாக ஒரே ஒரு நோயாளி வாக்குமூலம் கொடுத்தால் போதும், இன்றைக்கே கதவைச் சாத்திவிடலாம். அது கிடைக்காவிட்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இதை எனக்குப் புரியும்படி இரண்டு முறை சொன்னார்.

படியேறிப் போனோம். உள்ளே டெட்டால் வாசனை. சுவரில் டாக்டரின் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது. ஐஸ் பெட்டியைத் திறந்தால் லேபல் இல்லாத மருந்துக் குப்பிகள், பக்கத்திலேயே மீன் குழம்புச் சட்டி. கூட வந்த மருந்து அதிகாரி குப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து முகத்தைச் சுளித்தார். வெள்ளைக் கோட்டு போட்ட தமிழர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கையைக் கட்டிக்கொண்டு பவ்வியமாக நின்றார். "நான் தட்டு பிடிக்கிற ஆளுதான். ஊசியெல்லாம் டாக்டர்தான் போடுவாரு. இப்பத்தான் வெளிய போனாரு" என்றார். அதை நான் மலாயில் சொன்னேன்.

அப்புறம் அவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்க சுங்கை சிப்புட் பக்கம்தானே? நம்ம டாக்டர் மக இல்ல? மூஞ்சியில அப்படியே உங்கப்பா இருக்காருலா. நான் பக்கத்துத் தோட்டத்துல டிரெசரா இருந்தேன். தோட்டத்தத் துண்டு போட்டு வித்துட்டானுங்க, வேல போயிருச்சு. அப்பா எப்படி இருக்காரு?"

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அதிகாரி என்னவென்று கேட்டதும், டாக்டர் மகள்தானே என்று கேட்கிறார் என்று அதையும் மலாயில் சொன்னேன். இதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

என் அப்பா ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர். புண்ணுக்கு மருந்து கட்டுவது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது, ஊசி போடுவது எல்லாம் அவர்தான். உண்மையான டாக்டர், தோட்டத்து ஜனங்கள் 'பெரிய டாக்டர்' என்று சொல்லும் ஆள், மாதத்துக்கு ஒரு தடவை காரில் வந்து, வராந்தாவில் நின்றபடி நாலு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் ஜனங்களுக்கு டாக்டர் என்றால் என் அப்பாதான். அவரோ கேட்கிறவர்களிடமெல்லாம், "நான் டாக்டர் இல்லம்மா, டிரெசர்" என்று சலிக்காமல் திருத்துவார். திருத்தாதவள் நான். ஈப்போவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். டாக்டர் என்று சொல்லிவிட்டேன். பால்மரக் காட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த ஒரு சொல் நல்ல செருப்பு மாதிரி இருந்தது, கழற்ற மனசே வரவில்லை. ஆபிசிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அதிகாரியும்தான்.

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பதை நெருங்கும் வயது, இடது கன்னத்தில் பிளாஸ்திரி. தோட்டத்து ஆலையில் ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் தெறித்துக் கன்னத்தில் குழி விழுந்துவிட்டதாம். பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கன்னத்தைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். அன்று அவளுக்கு இரண்டாவது ஊசி. அதிகாரி மலாயில் கேட்ட கேள்வி அவளுக்குப் பாதி புரிந்தும் பயத்தில் வாய் வரவில்லை. என் பக்கம் திரும்பினாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள்தான், ஆனால் என்னை அக்கா என்றாள். பேனாவும் கோப்பும் பிடித்தவர்கள் எல்லாரும் தோட்டத்துப் பெண்களுக்கு அக்காதான்.

"பயப்படாதீங்க. உங்கள ஒண்ணும் செய்யமாட்டாங்க. யாரு ஊசி போட்டது?"

"டாக்டர்தான் போட்டாரு அக்கா" என்றாள். சொல்லும்போதே அவள் மோவாய் லேசாகக் கதவுப் பக்கம் போயிற்று. கதவருகே நின்றது வெள்ளைக் கோட்டுக்காரர். வேறு யாருமில்லை.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை.

"டோக்டர் பெத்துல்?" என்றார் அதிகாரி. நிஜமான டாக்டர்தானா என்று கேட்கச் சொன்னார். கேட்பதற்கு எனக்குச் சொல் தெரியும். அந்த அறையில் எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. பெரிய டாக்டரா, டிரெசரா என்று கேட்டால் போதும், தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் பட்டென்று பதில் சொல்லிவிடும். ஆனால் கேட்டால் அந்த இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று அதிகாரிக்கு நான் விளக்க வேண்டும். விளக்கினால், சற்று முன் அந்த ஆள் என்னை டாக்டர் மகள் என்றாரே, அதற்கும் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்துபோகும். கூடவே, என் அப்பாவை அவ்வளவு மரியாதையாக விசாரித்தவரை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்ற அசட்டு இரக்கம் வேறு. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"ஆமாம், டாக்டர்தான்" என்று மலாயில் சொன்னேன். அவளிடம் எதையும் கேட்கவில்லை.

வாக்குமூலத்தை என் அழகான கையெழுத்தில் எழுதினேன். டாக்டர் ஊசி போட்டார் என்று அவளுக்குத் தமிழில் படித்தும் காட்டினேன். அவள் தலையாட்டினாள். அவளைப் பொறுத்தவரை அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "போலாமாக்கா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் சான்றிதழுக்குச் சொந்தக்காரரான டாக்டர் ஆபிசுக்கு வந்தார். எல்லா ஊசியும் தானே போட்டதாக எழுதிக் கொடுத்தார். வாக்குமூலமும் அதையேதான் சொன்னது. கிளினிக்குக்கு அனுப்பும் கடிதத்தைத் தட்டச்சு அடிக்கக் கொடுக்கும் முன் எங்கள் அதிகாரி என் மேசைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றார். "அந்தப் பெண் டாக்டர் என்றுதானே சொன்னாள்? உனக்கு நிச்சயம்தானே?" என்று கேட்டார். நல்ல மனிதர். எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார் என்று இப்போது புரிகிறது. அப்போது என் வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. தப்பாக எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? நிச்சயம் என்றேன். குப்பிகளில் லேபல் ஒட்ட வேண்டும், ஐஸ் பெட்டியில் சாப்பாடு வைக்கக் கூடாது என்று எச்சரித்து ஒரு கடிதம் போயிற்று. அதை அடித்ததும் நான்தான், ஒரு எழுத்துப் பிழையில்லாமல்.

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு நாள் காலையில் பசியாறிவிட்டு வந்து உட்காருகிறேன், கவுண்டரில் அவள் நிற்கிறாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. குழி இருந்த கன்னத்தில் இப்போது கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி, மேல்தோல் கன்றிப்போய் கண்ணைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் தங்கை, இருபது வயதுக்குள்தான் இருக்கும். கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தாள். எடுக்கச் சொன்னதும் எடுத்தாள். இரண்டு கன்னத்திலும் கட்டி.

"இவளுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"இவளுக்கு முகத்துல அம்மை வடு அக்கா. நான்தான் கூட்டிட்டுப் போனேன். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா கவர்மெண்டே வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிருச்சுலா. நீங்களும் வந்தீங்க. அப்பறம் என்னன்னு தைரியமா போனோம்."

அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். அதற்குள் அந்த மாடி காலியாகிவிட்டது, வெள்ளைக் கோட்டுக்காரர் எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. இருந்தாலும் புது வாக்குமூலம் எழுத வேண்டும். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன், "ஊசி போட்டது பெரிய டாக்டரா, டிரெசரா?"

"டிரெசர்தாங்க்கா" என்றாள், யோசிக்கவேயில்லை. "அந்த வெள்ளச் சட்டக்காரருதான். பெரிய டாக்டர நாங்க ஒருநாளும் கண்ணால பாத்ததில்ல."

நான் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து அவளுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது.

"அன்னிக்கு நான் சரியா சொல்லலியாக்கா? டாக்டர்னு பொதுவா சொல்லிட்டேன் போல. என்னாலதானா இது? எனக்கு வெவரம் பத்தாதுக்கா, மன்னிச்சுக்குங்க."

தங்கை அவளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். ஆபிசில் எல்லாரும் இருந்தார்கள், அதிகாரி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.

"பரவால்ல" என்றேன்.