வலது கைக் காப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல மனிதரைத் திருடனாக்கப் பார்த்தேன். அதுவும் ஃப்ரேம் போட்டு, கண்ணாடி மாட்டி!

மீஞ்சூரில் என் வீட்டுப் பின்னறையில், நான் எடுக்கும் புகைப்படங்களை அச்சிட ஒரு பிரிண்டர் இருக்கிறது. பக்கத்தில் பஞ்சில் செய்த தடித்த பேப்பர். லீவு நாட்களில் நான் அங்கேதான் குடியிருப்பேன். விரல் ரேகை படக்கூடாது என்று வெள்ளைக் கையுறை வேறு. "ஆபரேஷன் முடிஞ்சுதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் மனைவி காபி தருவாள்.

இந்த வம்பில் மாட்டிய படம் பழவேற்காட்டில் மார்கழி விடியலில் கரையிலிருந்து எடுத்தது. ஏரி எது, வானம் எது என்று தெரியாத பனி. படகில் ஒருவர் முதுகு காட்டி நின்று வலையைத் தூக்குகிறார். கொஞ்சம் தள்ளி, தண்ணீரில் ஊன்றிய ஒற்றைக் கம்பு. உலகத்தில் வேறு எதுவுமே இல்லை...

பிரிண்டரிலிருந்து அது வெளியே வரும் அழகை எப்படிச் சொல்ல? முதலில் வெறும் வெள்ளை. அப்புறம் வந்ததா இல்லையா என்றே தெரியாத ஒரு சாம்பல். விரல் அகலம், விரல் அகலமாக ஏரி என் மேஜைக்கு வரும். கடைசியில் படகு. அவர் மணிக்கட்டில் ஒரு காப்பு. அதில் ஒரு பொட்டு வெளிச்சம். அதைப் பேப்பரில் கொண்டுவருவதற்குள் நாலு பிரிண்ட் பாழ். ஐந்தாவதில் மின்னியது. அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

கூடவே ஒரு சின்னக் கைவேலையும் செய்திருந்தேன். படகு இடது பக்கம், கம்பு வலது பக்கம் இருந்தது. மாறி இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்குமே என்று தோன்றியது. கம்ப்யூட்டரில் ஒரே க்ளிக் — கண்ணாடியில் தெரிவதுபோல மொத்தப் படமும் இடம் வலமாகத் திரும்பிவிட்டது. பனிதானே... யாருக்குத் தெரியப்போகிறது?

ஞாயிறன்று, படத்தில் இருக்கும் மீனவர் ஏழுமலையிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கரையில் வலை சீர்பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். பாராட்டு மழைக்கு நான் முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"இன்னா ஏழுமல, கம்புக்கு அந்தாண்ட நிக்கிற?" என்றார் ஊர்த் தலைவர்.

அந்த ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. அந்தக் கம்புதான் எல்லை. கரையிலிருந்து பார்த்தால் இடது பக்கம் இவர்களுடையது, வலது பக்கம் அடுத்த ஊருடையது. தாண்டினால் அடுத்த பாடு பறிபோகும். அதைவிட, பேர் போகும். எனக்கு இதெல்லாம் அன்றுதான் தெரியும்.

"தாண்டல மாமா. சத்தியமா நான் தாண்டல." என்றார் ஏழுமலை.

"அப்ப படம் பொய் சொல்லுதா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது: என் ஒரே க்ளிக்கில் படகு எல்லை தாண்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலையின் மனைவி தேசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் இருந்த மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். முகம்தான் இல்லையே, பார்வை நேராகக் கைக்குப் போனது.

"காப்பு இன்னாத்துக்கு எடது கைல கீது? வேண்டிக்கினு நான்தான சோத்துக் கைல போட்டு வுட்டேன்? ஒரு நாளு கயட்னது இல்ல. யோவ், கையக் காட்டுய்யா!"

ஏழுமலை வலது கையைத் தூக்கினார். வெயிலில் காப்பு மின்னியது. நாலு பிரிண்ட்டைப் பாழாக்கி நான் தேடிய அதே பொட்டு வெளிச்சம்.

அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"அழகா இருக்குமேன்னு... நான்தான் திருப்பிப் போட்டுட்டேன்."

"எங்க ஏரியவேவா?" என்றார் தலைவர்.

கரையே சிரித்தது. ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. தூக்கிய கையை அவர் இன்னும் இறக்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்தும் அது போகவில்லை.

அன்று மாலையே மறுபடி பிரிண்ட் போட்டேன். இந்த முறை ஏரி, ஏரியாகவே வந்தது. புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தபோது ஏழுமலை முதலில் கம்பைப் பார்த்தார். அப்புறம்தான் தன்னைப் பார்த்தார். "இப்ப சரி சார்," என்றார். தேசம்மா கண்ணாடி மேல், காப்பு இருக்கும் இடத்தில் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார்.

முகமே தெரியாத படத்தில் புருஷனைக் கண்டுபிடித்து, அவர் மானத்தையும் காப்பாற்றிவிட்டாரே! வழியெல்லாம் அதே நினைப்பு. வீட்டுக்கு வந்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மனைவி முன்னால் போய் நின்றேன்.

"சொல்லு பார்ப்போம். நான் எந்தக் கையில வாட்ச் கட்டுறேன்?"

"வாட்ச் இருக்கா? ஒரு நாளும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததா ஞாபகம் இல்லையே!"